குழந்தைக்கு வக்கீல் எதற்கு?

(இராயபுரத்தில் மீனவத் தோழர்களும் துறைமுகத் தொழிலாளத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைகளுக்கு வக்கீல் வேண்டுமா என்பதாகும். கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "பெரியவனுக்கே வக்கீல் வைத்துக் கட்டுப்படியாகவில்லை, பொடியனுக்கு எதற்கு வக்கீல்? அவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள்.

தோழர்களே, "அவனுக்கு என்ன தெரியும்?" என்கிற இந்த வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். நம்மைப் பார்த்து மேல்ஜாதியான் சொன்ன வார்த்தை இதுதான். பெண்களைப் பார்த்து ஆண்கள் சொன்ன வார்த்தையும் இதுதான். மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொந்தச் சொத்தில்லை என்கிறது. இவர்களை எதனால் அடிக்கலாம் என்பதற்கும் அங்கேயே விதி இருக்கிறது. அடிமை நிலை ஒழிய வேண்டும் என்கிறோம், பெண்ணடிமை ஒழிய வேண்டும் என்கிறோம். அந்தப் பட்டியலில் மிச்சமிருக்கும் மூன்றாமவனைப் பற்றி மட்டும் நாம் பேசாமலிருப்பது என்ன நியாயம்?

சட்டத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1871ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தது. அது 1911க்குப் பின் நமது மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. இன்ன ஜாதியில் பிறந்தவன் பிறவித் திருடன் என்பது அதன் தத்துவம். கர்ம வினைக்கும் தலையெழுத்துக்கும் சர்க்கார் முத்திரை குத்தியதைத் தவிர அதில் வேறென்ன இருந்தது? பிறகு 1920ல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இப்படிப்பட்ட முதல் சட்டம் இதுதான். தப்புச் செய்த பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பாதே, திருத்து என்றது அது. இன்று நடப்பில் இருப்பது 2015ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அது 2016 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டப்படி இரண்டு இடங்கள் உண்டு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைக்கு இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக ஊழியர்களும் இருப்பார்கள். கவனிப்பாரற்ற, அடிபட்ட, வேலையில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குக் குழந்தைகள் நலக் குழு. அதில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். எங்கே கொண்டு போவதானாலும் 24 மணி நேரத்திற்குள் ஆஜர்படுத்த வேண்டும். போலீஸ் லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு போடக்கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது. எந்தக் குழந்தைக்கும் இலவச வக்கீல் உண்டு என்று 1987ம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ம் பிரிவு சொல்லுகிறது. குழந்தை ஏழையா பணக்காரனா என்றுகூட அது கேட்பதில்லை.

"இவ்வளவு நல்ல சட்டமிருக்க, அன்பான அதிகாரிகளிருக்க, இடையில் வக்கீல் எதற்கு?" என்று கேட்கலாம். இதே கேள்வியை அமெரிக்காவிலும் கேட்டார்கள். 1964ல் அரிசோனாவில் கால்ட் என்ற 15 வயதுப் பையன், ஒரு அம்மாளுக்கு டெலிபோனில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். வயது வந்தவன் அப்படிச் செய்திருந்தால் 50 டாலருக்குள் அபராதம், அல்லது மிஞ்சிப் போனால் இரண்டு மாத ஜெயில். இந்தப் பையனையோ 21 வயது வரைக்கும் அடைத்து வைக்கலாம் என்று சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவனுக்கு வக்கீல் இல்லை. எல்லாம் அவன் நன்மைக்காகவே என்று சொல்லப்பட்டது! 1967ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளி, இத்தகைய வழக்கில் பிள்ளைக்கும் வக்கீல் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நன்மை செய்கிறோம் என்பவர்களிடமிருந்துகூடக் காப்பு வேண்டும் என்பதே இதன் பாடம்.

அமெரிக்கா வரை போவானேன்? 1929ல் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்ததே, அந்தச் செங்கல்பட்டுக்கு வாருங்கள். 2022 டிசம்பர் கடைசியில், பாட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் அங்குள்ள சர்க்கார் கூர்நோக்கு இல்லத்தில் இறந்து போனான். அடித்ததால் இறந்தான் என்பது குற்றச்சாட்டு. இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகே சர்க்கார் இல்லங்களைச் சீர்செய்ய யோசனை கூறும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை நியமித்தார்கள். இதே இராயபுரத்தில் 2020 ஜூனில், சர்க்கார் குழந்தைகள் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா கண்டு, சுப்ரீம் கோர்ட்டே தானாக விளக்கம் கேட்கவில்லையா? உயிர் போன பின்பும் நோய் பரவிய பின்பும் விசாரிப்பதைவிட, முதல் நாளே பிள்ளையின் பக்கத்தில் கேள்வி கேட்க ஒரு ஆள் நிற்பது மேலல்லவா?

சரி, அந்த ஆள் செய்ய வேண்டியதென்ன? நாம் ஒப்பந்த முறையில் பிள்ளைகளுக்காக ஆஜராகிறவர்களாதலால் இதைத் தெரிந்தே சொல்லுகிறோம்.

முதலாவது, வயது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் 17 வயதுப் பையனுக்கு உடம்பு முறுக்கேறியிருக்கும். போலீஸ் காகிதத்தில் 19 என்று விழுந்துவிட்டால் அவன் போகுமிடம் புழல் ஜெயில். பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இருந்தால் அதுவே முதல் ருசு. எலும்புப் பரிசோதனை கடைசியில்தான். ஆகவே ஜாதகம் எழுதி வைக்கும் தாய்மார்களே, ஜாதகம் எந்தக் கோர்ட்டிலும் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றாது. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்!

இரண்டாவது, பிள்ளையின் சொல். தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒரு பெண் குழந்தையை நலக் குழுவின் முன் கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது, "எனக்கு இல்லம் வேண்டாம், எண்ணூரில் பாட்டி வீட்டுக்குப் போகிறேன்" என்கிறது. அதிகாரி ஒன்று நினைக்கிறார், தாய் ஒன்று நினைக்கிறாள். பெரியவர்களின் எண்ணத்தைச் சொல்ல ஆளிருக்கிறது. குழந்தையின் எண்ணத்தை அப்படியே எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தீர்ப்புச் சொல்வது குழுவின் காரியம். பாட்டி வீடு பத்திரமானதா என்று விசாரித்து முடிவு செய்யட்டும். ஆனால் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டுமென்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டுமென்ற 1989ம் வருஷத்து ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 1992ல் நம் நாடும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, காலம். நலக் குழு நான்கு மாதத்திற்குள் கடைசி உத்தரவு போட வேண்டும். கேட்பாரில்லாத பிள்ளைக்கு நான்கு மாதம் ஒரு வருஷமாகும். அதற்குள் படிப்புப் போய்விடும்.

இந்த வேலைக்கு சர்க்கார் கொடுக்கும் மரியாதையைப் பாருங்கள்! கோயில் திருவிழாவுக்கு எத்தனை போலீஸ், எத்தனை பந்தோபஸ்து! பிள்ளைகளுக்காக நிற்கும் வக்கீலுக்கோ வழக்கு ஒன்றுக்கு ஒரு சிறு தொகை. அதுவும் பில் எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் பலர் விசாரணைக்குச் சற்று முன்தான் பிள்ளையின் முகத்தையே பார்க்கிறார்கள். வீட்டைப் போய்ப் பார்க்க நேரமேது? நம் வயிற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வக்கீலுக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்தால் அந்த நஷ்டம் பிள்ளையின் தலையில் விழுகிறது என்பதற்காகவே சொல்லுகிறோம். பணக்காரன் பிள்ளை காரை மோதினால் அன்றைக்கே பெரிய வக்கீல் வந்து நிற்கிறார். திருவொற்றியூர்ப் பையனுக்கு மட்டும் விதி வந்து வாதாடுமா?

ஆகையால் தோழர்களே, நாம் கேட்பது தர்மமல்ல. பிடிபட்ட முதல் நாளிலிருந்து வழக்கு முடியும் வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே வக்கீல் வேண்டும். முன்கூட்டியே பிள்ளையைத் தனியே சந்தித்துப் பேச நேரம் வேண்டும். அந்த வேலைக்கு உழைப்புக்கேற்ற கூலி வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை பிடிபட்டால் "அவன் தாய் செய்த பாவம்" என்று கதவைச் சாத்தாமல், தாயோடு ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கள். குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098க்கும், இலவச வக்கீலுக்கு 15100க்கும் டெலிபோன் செய்யுங்கள். பிள்ளையின் பெயரையும் படத்தையும் எவருக்கும் கொடுக்காதீர்கள். அதை வெளியிடுவது குற்றம்.

பேச வாயில்லாதவர்களுக்காகப் பேச வந்த இயக்கம் இது. குழந்தைக்கோ வாய் இருக்கிறது, கேட்கத்தான் காதில்லை. அந்தக் காதாக நாம் இருப்போம்.