பந்தாட்டப் பருவத்தின் முதல் வாரம்



பருவம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் உரிய காலத்தைப் பருவம் என்கிறோம். மனிதனுடைய வயதின் படிகளையும் பருவம் என்கிறோம். கல்லூரிக் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் இவ்விரு பொருள்களும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. போட்டிக்குரிய காலமும் குறுகியது. அதில் ஆடும் இளைஞனின் கல்லூரி நாட்களும் குறுகியவை. ஒன்று வீணானால் மற்றொன்றும் வீணாகிறது. அந்தப் பருவத்தின் முதல் வாரத்தைக் குறித்து என் மனத்தில் உள்ள சில அபிப்பிராயங்களை இன்று சொல்ல விரும்புகிறேன். நான் ஆட்டக்காரன் அல்லன், பயிற்சியாளனும் அல்லன். மத்திய அரசில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். மாலையில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்கும் வெறும் ரசிகன்.

நான் பேசப்போகும் இளைஞர்கள் எந்த மண்ணிலிருந்து வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டம் இருக்கிறது. அதிலுள்ள கோட்டுகாலிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே சென்றால் பூவாறும் பொழியூரும் வரும். பொழியூரைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நீரோடி. அதன் பின் மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர் என்று கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊர்கள் தொடர்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் எல்லை விழுந்தது. ஆனால் மணலில் உருளும் பந்துக்கு அந்த எல்லை தெரியவில்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கடலின் கரையில், ஒரே விதமான ஆட்டத்தைப் பழகி வளர்கிறார்கள்.

இந்தச் சிறிய ஊர்கள் அனுப்பிய ஆட்டக்காரர்கள் சாமானியர்கள் அல்லர். 2018-இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று சந்தோஷ் கோப்பையைப் பெற்ற கேரள அணியில் பொழியூர் சீசன் இடம்பெற்றிருந்தார். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2019-இல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். வலையும் வள்ளமும் அன்றி வேறு சொத்து இல்லாத கரையில் இத்தகைய ஆட்டம் விளைவது வியப்புத்தான்.

இவர்களுள் ஒருவன் கல்லூரியில் சேர்ந்து முதல் வாரப் போட்டியில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பிறந்த நாள் முதல் மணலில் ஆடியவன். மணலில் பந்து நெடுந்தூரம் உருளாது. ஆகவே அதைக் காலால் ஏந்தி எடுக்கவும், தொடையிலும் மார்பிலும் நிறுத்தவும் பழகியிருப்பான். வெறுங்காலுக்கு மணல் நண்பன். கல்லூரி மைதானமோ வேறு. மழை ஓய்ந்த ஈரத்தில் புல்தரைமேல் பந்து வழுக்கி ஓடும். காலில் புதிய பூட்ஸ் கடிக்கும். பக்கத்தில் நிற்கும் தோழனின் பெயர்கூட அப்போதுதான் தெரிந்திருக்கும். அவன் கால் புல்லுக்குப் பழகவும், பதினொருவர் ஓர் அணியாகவும் சில வாரங்கள் வேண்டும். இந்த நிலையில் முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்" என்று தீர்ப்புச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பெரியோர் சொன்னது உண்மையே. ஆனால் உலை கொதிக்குமுன் எடுத்த பருக்கையை நசுக்கிப் பார்த்தால் அது அரிசியாகத்தானே இருக்கும்? பதம் பார்ப்பதற்கும் ஒரு நேரம் உண்டு.

முதல் வாரத்தில் கோல் கணக்கை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆறு கோல் போட்ட அணி நல்ல அணி என்று சொல்லிவிட முடியாது. எதிரணி ஒரு வாரம்கூடச் சேர்ந்து ஆடாத அணியாக இருக்கலாம். நான் பார்ப்பவை வேறு. ஒரு கோல் வாங்கியபின் பின்னணி ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பழிக்கிறார்களா, அல்லது தத்தம் இடத்துக்குத் திரும்புகிறார்களா என்று பார்ப்பேன். கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் யாருக்கு மூச்சு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பேன். பந்து காலில் இல்லாதபோதும் ஓடி இடம் பிடிப்பவன் எவன் என்று பார்ப்பேன். கோல் போட்டவனை ஊரே பார்க்கும். அவனுக்கு வழி திறந்துவிட்டவனைப் பார்ப்பதுதான் ரசிகனின் கடமை.

இவையெல்லாம் ரசனையைப் பற்றியவை. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் பெரும்பாலானவை, முதற் சுற்றுகளிலாவது, தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறையில் நடக்கின்றன. பதினாறு கல்லூரிகள் கலந்துகொள்கின்றன என்று கொள்ளுங்கள். மொத்தம் 15 ஆட்டங்களில் கோப்பை யாருக்கு என்பது முடிந்துவிடும். ஆனால் முதற் சுற்று முடிந்ததுமே எட்டுக் கல்லூரிகள் ஒரே ஓர் ஆட்டத்துடன் வீடு திரும்பிவிடும். சரிபாதி ஆட்டக்காரர்களுக்கு முதல் வாரமே இறுதி வாரம். மூன்று ஆண்டுப் படிப்பில் இப்படி மூன்று முறை முதற் சுற்றிலேயே தோற்றால், அந்த இளைஞன் தன் கல்லூரிக்காக இப்போட்டியில் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டங்கள்!

இதனால் அவன் இழப்பது ஆட்டத்தின் இன்பம் மட்டுமன்று. பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் தாங்கள் கண்ணால் கண்டவர்களைத்தான் அழைக்க முடியும். பல்கலைக்கழக அணியில் ஆடியவனுக்குக் காவல்துறை, ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு வீரருக்குரிய வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. கடலில் மீன் குறைந்தும், கடலரிப்பில் வீடும் மணல் மைதானமும் கரைந்தும் வரும் ஒரு கரையில், அந்த ஒரு வேலை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். மழையில் வழுக்கிய ஒரு பந்து அதைத் தட்டிப் பறித்துவிடலாமா?

கல்லூரி ஆட்டம் நாட்டின் ஆட்டத்துக்கு எவ்வளவு உரமிடும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. 1968-இல் தோன்றிய கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1971-இல் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டியில் வென்றது. அந்த அணியின் கோல் காப்பாளர் விக்டர் மஞ்ஞில. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1973-இல், எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றபோது, தலைவர் மணி மூன்று கோல்களையும் போட்டார். அந்தக் கேரள அணியிலும் விக்டர் மஞ்ஞில இருந்தார். கல்லூரி மைதானத்திலிருந்து மாநில அணிக்கு உள்ள தூரம் அவ்வளவு குறைவு.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடும் வேறோர் ஆட்டம். அங்கும் முதல் வாரத்தில் ஆரவாரம் மிகுதி. ஓர் ஆட்டமும் நடப்பதற்கு முன்பே எந்த அணி முதலிடம், எந்த அணி பத்தாமிடம் என்று பத்திரிகையாளர் வாக்களித்து வரிசை வெளியிடுகிறார்கள். அசோசியேட்டட் பிரஸ் 1936 முதல் வெளியிட்டுவரும் தரவரிசை புகழ்பெற்றது. அந்த ஆரவாரத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே முதல்தரக் கல்லூரி அணி ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் வழக்கமாகப் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடுகிறது. முதல் வாரம் தோற்றவனுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள இன்னும் பதினோர் ஆட்டங்கள் இருக்கின்றன. அங்கே முதல் வாரம் உண்மையில் தொடக்கமாக இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? பதினாறு கல்லூரிகளை, ஒன்றுக்கொன்று அருகில் உள்ள நான்கு நான்காகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் எல்லா அணிகளும் ஒன்றையொன்று ஒருமுறை சந்தித்தால் ஆறு ஆட்டங்கள். நான்கு பிரிவுக்கும் 24. பிரிவுக்கு இருவராக எட்டு அணிகள் அதன்பின் நாக்-அவுட் முறையில் ஆடினால் இன்னும் ஏழு. ஆக மொத்தம் 31. இப்போதுள்ள 15-ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் மிகவும் பின்தங்கிய அணிக்கும் மூன்று ஆட்டங்கள் நிச்சயம்.

செலவு ஆகாதா, தேர்வு கெடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விகளே. அருகிலுள்ள கல்லூரிகளே பிரிவுகளாக அமைவதால், காலையில் புறப்பட்ட அணி அன்று மாலையே திரும்பிவிடலாம். தங்கும் செலவு இல்லை. சனிக்கிழமைகளில் மட்டும் ஆடினாலும் பிரிவு ஆட்டங்கள் மூன்றே வாரங்களில் முடிந்துவிடும். நடுவர்களுக்குரிய ஊதியம் கூடும் என்பது மெய். ஆனால் விளையாட்டுத் திறனுக்காகவே ஓர் இளைஞனைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரே ஆட்டம் ஆடவைத்து அனுப்புவதும் ஒரு செலவுதானே? அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். மும்பையிலோ, டில்லியிலோ, கொல்கத்தாவிலோ உங்கள் வீட்டருகே ஒரு கல்லூரி மைதானம் இருக்கும். அங்கு முதல் வார ஆட்டத்துக்கு ஒரு மாலை சென்று பாருங்கள். கேரளப் பல்கலைக்கழக அணியோ, நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியோ உங்கள் ஊருக்கு ஆடவந்தால் தவறாமல் போங்கள். அவ்வணிகளில் நீரோடிக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள பிள்ளைகள் இருக்கக்கூடும். வெற்றி பெற்றவர்களைக் கைதட்டி அனுப்பிவிட்டு, தோற்று வெளியே வரும் பையனிடமும் சென்று, "தம்பி, அந்த இரண்டாம் பாதியில் நீ பந்தை மீட்ட விதம் நன்றாயிருந்தது" என்று நம் மொழியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவனுக்கு அந்த ஆண்டு அதுவே கடைசி ஆட்டமாக இருக்கலாம்.