சுவரின் மறுபக்கம்
(திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பணி என்றவுடன் கோபுரமும் விமானமும் வண்ணப் பூச்சுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், மலைச்சரிவை ஒட்டிய ஆலயங்களில் கட்டடத்தையும் அடியார்களையும் காத்து நிற்பது பின்புறத்துத் தடுப்புச் சுவரேயாகும். அதன் முகத்திற்குச் சாந்து பூசலாம். அதன் முதுகை எவரும் காண்பதில்லை.

காணாமல் விட்டதன் விளைவை இந்நாடு அறியும். 1993 டிசம்பர் 11ஆம் நாள், சிலாங்கூர், உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் 12 மாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். தொடர்மழையில் பின்புறச் சரிவும் தடுப்புச் சுவர்களும் பெயர்ந்து அடித்தளத்தைத் தள்ளின. போதிய வடிகால் இன்மை பெருங்காரணமாயிற்று. 1994 ஜூலை 23ஆம் நாள் ஹாங்காங்கின் குவுன் லுங் லாவ் குடியிருப்பருகே பழைய கற்சுவர் ஒன்று இடிந்து ஐவர் உயிரிழந்தனர். அச்சுவர் எண்ணியிருந்ததைவிட மெலிந்தது என்பதும், நிலத்தடிக் குழாய்களின் கசிவு மண்ணை நனைத்திருந்தது என்பதும் பின்னரே தெரியவந்தன.

மறைந்திருப்பதைத் தோண்டாமலும் இடிக்காமலும் அறிய உதவுவது புவி இயற்பியல் ஆய்வு. அதன் முறைகளுள் மூன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது மின்தடை ஆய்வு. சரிவில் வரிசையாக உலோக முளைகளை ஊன்றி, இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, வேறிரண்டில் மின்னழுத்தம் அளப்பர். ஈரமண்ணும் களிமண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த கருங்கற்பாறை தடுக்கும். இவ்வேறுபாட்டால் நீர் தேங்கிய இடம் புலப்படும்.

இரண்டாவது அதிர்வு ஆய்வு. நிலத்தின்மீது வைத்த தகட்டைச் சம்மட்டியால் அடித்து, அதிர்வு தொலைவிலுள்ள உணரிகளை எட்டும் நேரத்தை அளப்பர். தளர்ந்த மண்ணில் அதிர்வு விநாடிக்குச் சில நூறு மீட்டரும், உறுதியான பாறையில் சில ஆயிரம் மீட்டரும் செல்லும். இதனால் பாறையின் ஆழத்தைக் கணிக்கலாம். மேளமும் கூட்டமும் மிகுந்த திருவிழா நாள் இதற்கு ஏற்றதன்று.

மூன்றாவது தரையூடுருவும் ரேடார். வானொலி அலைகளைச் சுவருக்குள் செலுத்தி, திரும்பும் எதிரொலியால் சுவரின் தடிமனையும் பின்னுள்ள வெற்றிடத்தையும் காண்பர். ஈரக் களிமண்ணிலோ அலை விரைவில் மங்கிவிடும். நெருங்கிய இரும்புக் கம்பிகள் பின்னுள்ளதை மறைத்துவிடும்.

துளையிட்டு ஆராய்தல் அந்த ஓரிடத்தின் நிலையை மட்டுமே கூறும். இவ்வாய்வுகளோ சரிவு முழுவதன் தோற்றத்தையும் தருகின்றன. எனினும், இவை மண்ணின் வலிமையை நேராக அளப்பதில்லை. மின்தடை குறைந்த இடத்தில் இருப்பது நீரா, களிமண்ணா என்பதை ஆய்வுப்படம் மட்டும் தெளிவாக்காது. ஆதலின், ஐயத்திற்குரிய இடத்தில் துளையிட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது. கோடையிலும் மழைக்காலத்திலும் அதே இடத்தில் அளந்து ஒப்பிட்டால், நீரின் போக்கு மேலும் தெளிவாகும்.

நிருவாகத்தினர் கருவி வருமுன் செய்யத்தக்கனவும் உள. சுவர் புடைத்துள்ளதா, விரிசல் அகன்றுள்ளதா, நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா என மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் பார்த்து, நாளிட்டுப் புகைப்படம் எடுத்து வைத்தல் வேண்டும். வடியவேண்டிய துளை வறண்டிருப்பது நலத்தின் அறிகுறியென்று கொள்ளற்க. அடைபட்டுப் பின்னால் நீர் தேங்கியிருக்கவும் கூடும். விரிசலைப் பூசி மறைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. எச்சரிக்கையை அழிப்பதே ஆகும். புடைப்போ புது விரிசலோ கண்டால், அடியார்களை அவ்விடத்தினின்று விலக்கி, தகுதிபெற்ற பொறியாளரை உடனே அழைத்தல் கடமை.

வண்ணப் பூச்சுக்கு நிதி ஒதுக்கும் கூட்டத்திலேயே சுவர் ஆய்வுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படுமாயின், கண்ணுக்குத் தெரியாத அப்பணியும் திருப்பணியே ஆகும். அதன் பயனாக எதுவும் நிகழாதிருப்பதே அதன் வெற்றி.