வலிப்பு மருந்தும் மேனித் தடிப்பும்



புனே நகரை அடுத்த போசரியின் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம்மவர், ஊரை விட்டு வந்தாலும் ஊர் வழக்கங்களை விட்டு வரவில்லை. அவற்றுள் ஒன்று, காய்ச்சலுடன் மேனி சிவந்து தடித்தால் 'அம்மை' எனக் கொண்டு, வாசலில் வேப்பிலை செருகி, வைத்தியரை அணுகாதிருப்பது. வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர் வீட்டில் இவ்வழக்கம் உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

கார்பமஸெபின், பெனிடாயின், பெனோபார்பிடோன், லாமோட்ரிஜின் ஆகியவை வலிப்பை அடக்கும் நல்ல மருந்துகளே. ஆயினும் மிக அபூர்வமாகச் சிலருக்கு, உடலின் காப்புச் சக்தி இம்மருந்தால் தூண்டப்பட்டுத் தன் தோலையே தாக்குகிறது. இத்தகைய நோயை ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1922-இல் விவரித்தனர். தீப்பட்டாற்போல் தோல் பெரும்பகுதி உரிந்துவிடும் கொடிய வகையை 1956-இல் லயல் என்பவர் எடுத்துரைத்தார். அவ்வகையில் ஏறத்தாழ மூவருள் ஒருவர் இறக்க நேரிடுகிறது.

யாருக்கு இது வரும்? கார்பமஸெபினால் இந்நோயுற்றோரிடம் எச்.எல்.ஏ.-பி 15:02 என்னும் மரபுக்கூறு இருப்பதை 2004-இல் தைவான் ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் நாட்டில் 2009-இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளிகள் 8 பேரில் 6 பேரிடம் அது காணப்பட்டது. இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். எனினும் அக்கூறு இல்லாதவர்க்கும் நோய் வரக்கூடுமாதலால் விழிப்பே முதற் காப்பு.

மருந்து தொடங்கிய முதல் எட்டு வாரங்களில், காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல், வாய்ப்புண், தொட்டால் நோகும் தடிப்பு, கொப்புளம் ஆகியவற்றில் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்தைத் தொடர்ந்தால் தோல் நோய் முற்றும். தாமே திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். ஆதலின் முடிவு வைத்தியருடையது. தாமதியாமற் செல்வது நம்முடையது.

போசரியில் இருப்போர்க்குப் பிம்ப்ரியின் யஷ்வந்த்ராவ் சவாண் மருத்துவமனை அருகில் உள்ளது. மராத்தி வாராதே என்று தயங்க வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். மருந்தின் பெயருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

பிழைத்தெழுந்தவர், தமக்கு ஆகாத மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். இனமொத்த பிற மருந்துகளும் அவர்க்குத் தீங்கு செய்யலாம். ஊருக்குத் திரும்புகையில் அங்குள்ள வைத்தியரிடம் முதலில் காட்ட வேண்டியது அவ்வட்டையே.