விண்டோஸிலிருந்து ஆப்பிளுக்கு மாறலாமா?

(புனே உறுப்பினர்கள் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "விண்டோஸை விட்டு ஆப்பிளுக்குப் போய்விடலாமா?" காரணம் தெரிந்ததே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, ஏறக்குறைய 2017-க்குப் பின் வந்த பிராசஸர் வேண்டும். நம்மில் பலர் வீட்டுக் கம்ப்யூட்டர் அதைவிட வயதானது. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று நம் கோரேகாவ் பார்க்கில் ஆப்பிளின் சொந்தக் கடையும் திறந்தாயிற்று.

அமெரிக்காவிலிருந்து என் மகன் சொன்னான்: "அப்பா, அந்தப் பழசைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு மேக் வாங்கிக்கோங்கோ." நானும் சரி என்றேன். என் ஆத்துக்காரிதான் கேட்டாள்: "ஏன்னா, அப்பா சொல்லச் சொல்ல நீங்க டைப் அடிச்சேளே, அது அதுலே வருமா?"

2002-ல் என் தகப்பனார் எங்கள் கிராமம், பூர்வீகம், யார் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார்கள் என்றெல்லாம் சொல்ல, நான் 180 பக்கங்கள் தட்டச்சு செய்தேன். இன்று அவர் இல்லை. அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப்போய் ஒரு நண்பரின் மேக்கில் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டிக் கிடந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. தவறு மேக்குடையது அல்ல. அந்தப் பழைய எழுத்துரு இல்லாத புது விண்டோஸிலும் இதே கதிதான். அந்நாளில் ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றப் பெரிதும் உழைத்த சி-டாக், 1988 முதல் இதே புனேயில்தான் இயங்கி வருகிறது. 1999-ல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற குறியீடுகளை ஏற்றது. 2010-ல் யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் உள்ள தமிழ் விண்டோஸ், மேக், செல்பேசி எதிலும் ஒன்றுபோலத் தெரியும். மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகை முறைகளும் கூடவே வருகின்றன.

ஆகவே மேக் வாங்குவதைத் தள்ளிவைத்து, பழைய கம்ப்யூட்டரிலேயே கோப்பை யூனிகோடுக்கு மாற்றினேன். 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கிரந்த எழுத்துகள் பல இடங்களில் சிதைந்திருந்தன. நம் குடும்ப வரலாற்றில் 'ஸ்ரீ' இல்லாத பக்கம் ஏது? நானும் ஆத்துக்காரியும் தினம் ஐந்து பக்கம் வீதம் படித்துத் திருத்தினோம். முப்பத்தாறு நாள் ஆயிற்று. அப்பாவோடு மறுபடி உட்கார்ந்து பேசியது போலிருந்தது.

என் அபிப்பிராயம் இதுதான். முதலில், நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். மின்னஞ்சல், படங்கள், பேரக்குழந்தைகளோடு பேசுவது மட்டும் என்றால் மேக் போதும். வீட்டில் எல்லோரும் ஐபோன் வைத்திருந்தால் இன்னும் சௌகரியம். விண்டோஸுக்காகவே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்கள் புது விண்டோஸே வாங்கலாம். 2020-க்குப் பின் வந்த ஆப்பிள் சில்லு மேக்குகளில், முன்போல் 'பூட் கேம்ப்' வழியாக விண்டோஸை ஏற்றிக்கொள்ளவும் முடியாது.

இரண்டாவது, 'என்.டி.எஃப்.எஸ்.' முறையில் அமைத்த வெளி ஹார்ட் டிஸ்கை மேக் படிக்கும். தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. 'எக்ஸ்ஃபாட்' முறை இரண்டுக்கும் பொது. ஆனால் மாற்றி அமைத்தால் உள்ளிருப்பது அழியும். முதலில் பிரதி எடுங்கள்.

மூன்றாவது, எதை வாங்கினாலும் பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்கும் வரை பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்.

நான் கடைசியில் மேக்தான் வாங்கினேன். பழையது இணைய இணைப்பு இல்லாமல் மூலையில் இருக்கிறது. சென்ற வாரம் என் பேத்தி, தன் செல்பேசியில் அந்தக் கோப்பைத் திறந்து கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடி எடுத்து எனக்கே படித்துக் காட்டினாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது கோப்பு இருக்கும். இன்று இரவே திறந்து பாருங்கள்.