மருந்துப் பெட்டி சுமந்த பட்டாளக்காரர்



களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956-இல் எல்லை பிரித்தபோது இவை கேரளத்தோடு நின்றுவிட்டன. பேச்சு மட்டும் இன்னும் பிரியவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே வழி கேட்டால், "பட்டாளக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில்" என்பார்கள். அந்தப் பட்டாளக்காரர்களில் ஒரு வகையினர் ராணுவ மருத்துவப் படைக்காரர்கள். 1943 ஏப்ரல் 3-இல் உருவான படை அது. குண்டடி பட்டவனிடம் ஓடி, ரத்தத்தை நிறுத்தி, கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவது இவர்கள் வேலை.

1950-இல் இந்தியாவின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு கொரியப் போருக்குப் போனது. தலைமை தாங்கியவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பியோங்யாங்கிலிருந்து படைகள் பின்வாங்கியபோது சாமான் ஏற்ற வண்டி இல்லை. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டு வர இவர்களுக்கு மனமில்லை. ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ரயிலை ஓட்டி வந்தார்கள்! ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

இப்படிப்பட்ட பட்டாளக்காரர் வீட்டில் பிள்ளைகள் அப்பாவை அறிவது பெரும்பாலும் கடிதத்திலும் விடுமுறையிலும்தான். குடும்பத்தைத் தாங்கியவள் மனைவி. அவர் பென்ஷனோடு ஊர் திரும்பிய பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் காயத்தோடு வந்தால், அந்தக் கை சும்மா இருக்காது.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? ஒரு சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போய், ரத்தம் வழியும் காயத்தைச் சுத்தமான துணியால் எப்படி அழுத்திப் பிடிப்பது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.