அதிர்வில் பிறக்கும் மின்சாரமும் பட்டியல் மாறிலிகளும்

சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்று 1880-இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் காட்டினார்கள். ஓடும் எந்திரத்தின் அதிர்விலிருந்து, கம்பியில்லா உணரி ஒன்றுக்குப் போதுமான மின்சாரத்தைச் சேகரிக்க இன்று பயன்படுவதும் அந்த பீசோமின் விளைவுதான். கருவி எளியது. உலோகத் தகட்டின் இருபுறமும் ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் (பி.இசட்.டி.) பீங்கானை ஒட்டி, ஒரு முனையை எந்திரத்தில் இறுக்கி, மறுமுனையில் சிறு எடை வைத்தால் வளைசட்டம் தயார். சிக்கல் கணக்கில்தான். தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள மாறிலிகளை நேரியல் சமன்பாடுகளில் இட்டு மின்திறனைக் கணிப்பது வழக்கம். 1987-ஆம் ஆண்டின் ஐ.இ.இ.இ. தரநிலையும் அந்த நேரியல் கோட்பாட்டின்மேல் எழுந்ததே. கருவி உழைக்க வேண்டிய வீச்சில் அந்த மாறிலிகளை அப்படியே நம்ப முடியாது என்பதே என் வாதம்.

எந்திர அதிர்வு மிகச் சிறியது, அதற்கு நேரியல் கணக்கு போதாதா என்று கேட்கலாம். தளத்தின் அதிர்வு சிறியதுதான். பீங்கான் காணும் திரிபு சிறியதல்ல. 50 ஹெர்ட்ஸில், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு முடுக்கத்தோடு அதிரும் தளம் சுமார் 0.05 மி.மீ. நகர்கிறது. தரக்காரணி 40 உள்ள சட்டம் ஒத்ததிர்வில் அதை 40 மடங்காக்கி நுனியை 2 மி.மீ. ஆட்டும். சட்டம் 50 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. தடிமனும் கொண்டதானால், இறுக்கிய இடத்தின் புறப்பரப்பில் திரிபு பத்தாயிரத்தில் 6 பங்கு. பீங்கானே விரிசல் காணத் தொடங்கக்கூடிய அளவு இது! ஆற்றல் சேகரிப்பவர் ஒத்ததிர்வைத் தேடிப் போகிறவர். ஆகவே நேரியல் எல்லையைத் தாண்டுவது அவருக்குத் தற்செயல் அல்ல, தொழிலே அதுதான்.

ஆய்வகத்தில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. தள முடுக்கத்தைக் கூட்டக் கூட்ட ஒத்ததிர்வு அதிர்வெண் கீழிறங்குகிறது, அதாவது பொருள் இளகுகிறது; உச்சமும் முடுக்கத்தின் விகிதத்தில் உயர்வதில்லை. 2010-இல் ஸ்டான்டன், எர்டுர்க், மான், இன்மன் ஆகியோர் உயர்படி மீள்மை உறுப்புகளையும் நேரியலற்ற தணிப்பையும் சேர்த்து இதை விளக்க முயன்றார்கள். 2015-இல் லெடன்ஹாம், எர்டுர்க் முன்வைத்த ஆய்வு எனக்கு இன்னும் கூர்மையானதாகப் படுகிறது. அதிர்வெண் சரிவு வீச்சின் வர்க்கத்தைப் பின்பற்றவில்லை, வீச்சையே நேர்விகிதத்தில் பின்பற்றுகிறது என்றார்கள். பாடப்புத்தகத்தின் டஃபிங் சமன்பாட்டுக்கு, அதாவது முப்படி உறுப்புக்கு, இது பொருந்தாது. பீங்கானுக்குள் முனைவாக்கம் ஒரே திசையில் அமைந்த சிறு பகுதிகளின் எல்லைச்சுவர்கள் தகைவால் நகர்ந்து, திரும்பும்போது பின்தங்குவதாகக் கொண்டால் பொருந்துகிறது. இளகலும் ஆற்றல் இழப்பும் சேர்ந்தே வளர்வதும் அதனால்தான்.

நேரியலின்மை நல்லதல்லவா, அது அதிர்வெண் பட்டையை அகலமாக்குமே என்பது வலுவான மறுப்பு. 1979-இல் மூன், ஹோம்ஸ் ஆராய்ந்த காந்தச் சட்டத்தில் பீங்கானை ஒட்டி எர்டுர்க், ஹாஃப்மன், இன்மன் 2009-இல் செய்தது அதைத்தான், பலனும் கிடைத்தது. ஆனால் அந்த நேரியலின்மை காந்தங்களின் இடைவெளியிலிருந்து வருவது, வடிவமைப்பாளர் விரும்பியபடி மாற்றக்கூடியது. பீங்கானின் சொந்த நேரியலின்மையைத் திருகாணி வைத்துத் திருத்த முடியாது. அது தரும் அகலத்துக்கு வெப்பமாகும் ஆற்றலே விலை. பி.இசட்.டி.-5எச் போன்ற மென்பீங்கானின் மின்னூட்ட மாறிலி பி.இசட்.டி.-4 என்ற வன்பீங்கானினுடையதைப்போல இரு மடங்கு. தரக்காரணியோ சுமார் 65-க்கு எதிர் 500. மென்பீங்கானில் சுவர்கள் எளிதில் நகர்வதே இரண்டுக்கும் காரணம். பட்டியலில் மின்னூட்ட மாறிலியை மட்டும் பார்த்து வாங்காமல், உழைக்கும் முடுக்கத்திலேயே இரு பீங்கான்களையும் அதிரவைத்து அளந்த பிறகு முடிவெடுப்பதே முறை.