நம் நூல்களை நாமே பதிப்பித்தல்: உரிமையும் பொறுப்பும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எழுத்தறிவிப்பதற்கென்று தோன்றிய இச்சங்கத்தில் இன்று எழுத்தாளர்கள் தோன்றியிருக்கிறார்கள். கவிதை, கதை, ஊர் வரலாறு எனக் கையெழுத்துப் படிகளோடு வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. “ஐயா, பதிப்பகங்களின் வாயிலில் காத்து நிற்பதா, நாமே அச்சிட்டுக் கொள்வதா?” இவ்வாண்டு முதல் சங்கமே நூல்கள் வெளியிடலாம் என்னும் தீர்மானமும் உங்கள் முன் இருக்கின்றது. ஆகவே இக்கேள்விக்கு விடை காண்பது இன்று நம் கடமையாகின்றது.

முதலில், ஒரு நல்ல பதிப்பகம் என்ன செய்கின்றது என்பதை அறிவோம். வரும் படிகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கின்றது. பதிப்பாசிரியர் ஒருவர், கூறியது கூறலை நீக்கி, ஐயமான செய்திகளை ஆசிரியரிடம் வினவி, நூலைச் செப்பம் செய்கின்றார். மெய்ப்புத் திருத்துவோர் எழுத்தெழுத்தாகப் பார்க்கின்றனர். பின்னர் தாள், கட்டமைப்பு, விற்பனை ஆகியவை. இத்தனைக்கும் பணம் போடுவது பதிப்பகமே. நூல் விற்காவிடில் நட்டம் அதனுடையது. பிறர் பணம் பணயமாக இருப்பதால்தான் அங்கே பல கண்கள் ஒரு நூலைப் பார்க்கின்றன. தரம் என்பது பெரும்பாலும் இந்தப் பல கண்களின் விளைவேயன்றி வேறன்று.

தாமே பதிப்பிப்பவருக்கு இந்தக் கண்கள் தாமாக வாய்ப்பதில்லை. பணமும் அவருடையது, முடிவும் அவருடையது. இன்று கணினியில் பக்கம் அமைத்து, வேண்டும்போது பத்துப் படிகள் மட்டும் அச்சிட்டுக் கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. அச்சிடுவது எளிதாயிற்று, செப்பம் செய்வது எளிதாகிவிடவில்லை.

அப்படியானால் பதிப்பகத்தின் முத்திரை பெற்றதெல்லாம் உயர்ந்தது, சொந்தப் பதிப்பெல்லாம் தாழ்ந்தது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. அதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

1936ஆம் ஆண்டு லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் என்னும் அமைப்பு தன் ஆண்டு மாநாட்டிற்குத் தலைமை தாங்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதிய தலைமையுரையைக் கண்டு அஞ்சிய அமைப்பினர், சில பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். ஒரு காற்புள்ளியையும் மாற்ற இயலாது என அவர் மறுத்துவிட்டார். மாநாடே கைவிடப்பட்டது. அவர் தளரவில்லை. அவ்வுரையைத் தம் சொந்தச் செலவில் 1936 மே மாதம் நூலாக வெளியிட்டார். அதுவே ‘சாதி ஒழிப்பு’ என நாம் போற்றும் நூல். அச்சிட்ட 1,500 படிகளும் இரண்டு மாதங்களில் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதே அந்நூல் குஜராத்தியிலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டிருந்தது.

இளைஞர்களே, இந்த வரலாற்றின் முதற்பாதியை மட்டும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பிற்பாதியையும் கவனியுங்கள். காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழில் அந்நூலை எதிர்த்து எழுதினார். எட்டணா விலை மிகுதி, குறைக்க வேண்டும் என்றும் கருத்துரைத்தார். அம்பேத்கர் இரண்டாம் பதிப்பில் என்ன செய்தார்? தம்மை மறுத்து எழுதப்பட்டதைத் தம் நூலின் பின்னிணைப்பாகவே அச்சிட்டு, அதன் அருகில் தம் விடையையும் வைத்தார். ஏன் லாகூரில் உரை நிகழவில்லை என்பதற்கான கடிதங்களையும் முன்னுரையாகத் தந்தார். கருத்தை விட்டுக்கொடுக்க மறுத்த அதே மனிதர், ஆய்வுக்கும் மறுப்புக்கும் நூலைத் திறந்து வைத்தார். தணிக்கைக்குப் பணியாமை ஒன்று. சோதனைக்கு அஞ்சாமை மற்றொன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சொந்தப் பதிப்பு உயர்கின்றது.

அவருடைய இறுதி நூலின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை அச்சிட ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆகும் என்றும், அது தம் சக்திக்கு அப்பாற்பட்டது என்றும், அரசு 500 படிகள் வாங்கி உதவ வேண்டும் என்றும் 1956 செப்டம்பரில் தலைமையமைச்சர் நேருவுக்கு அவர் எழுதினார். அதற்கென ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். 1957இல் அந்நூலை வெளிக்கொணர்ந்தது, அவரே 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் சித்தார்த்தா கல்லூரி. ஆம், ஒரு கல்விக் கழகமே பதிப்பாளராயிற்று. நம் தீர்மானத்திற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி உண்டோ? ஆயினும் ஒரு குறையையும் மறைக்கலாகாது. அந்நூலுக்கென அவர் எழுதி வைத்திருந்த முன்னுரை முதற்பதிப்பில் இடம்பெறவில்லை. ஆசிரியர் மறைந்தபின் வெளிவரும் நூலில் கைப்படிகளைச் சரிபார்ப்பது எத்துணை அரிய பணி என்பதை இது உணர்த்துகின்றது.

நம் மண்ணிலும் இதற்கு மரபு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை நடத்தினார். கோலார் தங்கவயலின் தொழிலாளத் தோழர்கள் அவ்விதழைத் தாங்கினர். அவருடைய நூல்களைப் பின்னர் அங்கிருந்தே அச்சிட்டும் பரப்பினர். ஆயினும் அவர் எழுத்துகள் பெருந்தொகுதிகளாக மீண்டும் நம் கைக்கு வர 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சிட்டால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும்.

இனி, தரம் என்னும் சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் தெருவின் பேச்சைப் பிழை என்று சிவப்பு மையால் அடித்தவர்களை நாம் பள்ளியிலேயே கண்டிருக்கிறோம். பிழை வேறு, வழக்கு வேறு. பாமா அவர்களின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அதை வெளியிட்டது பெரிய வணிகப் பதிப்பகம் அன்று. மதுரையில் இயங்கிய ஒரு சமூக ஆய்வு மையமே. அதன் பேச்சு மொழி சிலருக்கு உறுத்தியது. அந்நூல் 2000இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுப் பரிசும் பெற்றது. அந்த மொழியைத் ‘திருத்தி’யிருந்தால் நூலே இல்லாமற் போயிருக்கும். ஆனால் இதைக் கேடயமாக்கிக்கொண்டு, ஆண்டைத் தவறாக எழுதுவதையும், ஒரே பெயரை மூன்று விதமாக அச்சிடுவதையும் நம் வழக்கு என்று சொல்ல இயலாது.

என் சொந்தத் தவறு ஒன்றைக் கூறி மேற்செல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரின் கல்வி வரலாற்றை எழுதினேன். நகரத்துப் பதிப்பகம் ஒன்று, பணம் நான் தர, நூல் அவர்கள் பெயரில் வரும் என்றது. மனைவியின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினேன். விழா நாள் நெருங்கியதால் மெய்ப்பை ஓர் இரவில் நானே பார்த்தேன். வேறு எவரிடமும் காட்டவில்லை. 500 படிகள் வந்தன. எங்கள் பள்ளிக்கு நிலம் தந்த மூதாட்டியின் பெயர் இருந்த பத்தி முழுவதும் விடுபட்டிருந்தது. அவர் பேரன் நூலைப் புரட்டிவிட்டு, “எங்கள் பாட்டி எங்கே, ஐயா?” என்று கேட்டான். அவனுக்கு விடை சொல்ல என்னிடம் சொல் இல்லை. அப்பதிப்பகம் என்னிடம் பணம் வாங்கியதேயன்றி நூலை ஒருவரும் படிக்கவில்லை. ஆசிரியரிடம் பணம் பெறுவது பதிப்பு ஆகாது, அது அச்சுக்கூலி. அதைப் பதிப்பு என நம்பியது என் பிழை.

நம்மை எழுத்தில் காணாதவர்கள் நிறைந்த உலகம் இது. நாமும் நம்மவரை விட்டுவிட்டால் அவர்களை எவர் எழுதுவார்? மேலும், பிறர் நூலில் உள்ள பிழை அந்த ஒருவரோடு போய்விடும்; நம் நூலில் உள்ள பிழையையோ நம் சமூகத்தின் மீதே ஏற்றிப் பேசக் காத்திருப்போர் உண்டு. இது அநீதியே. எனினும் அந்த வாய்ப்பை நாம் ஏன் அவர்களுக்குத் தர வேண்டும்?

ஆகவே தீர்மானத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கின்றேன். சில நெறிகளையும் அதனோடு சேர்க்க வேண்டுகின்றேன்.

ஒவ்வொரு கைப்படியையும் மூவர் படிக்க வேண்டும்: ஒருவர் அப்பொருளை அறிந்தவர், ஒருவர் மொழி அறிந்தவர், ஒருவர் அந்நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுள் ஒருவர். ஆசிரியர் தம் நூலுக்குத் தாமே இறுதி மெய்ப்பு பார்க்கலாகாது. நம் கண் எழுதியதைப் படிக்காமல் நினைத்ததையே படிக்கும். ஆண்டு, பெயர், எண் ஆகியவற்றை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். விழா நாளுக்காக நூலை விரைவுபடுத்தாமல், நூல் முடிந்த பின்னரே விழாவை வைக்க வேண்டும். முதலில் 200 படிகள் அச்சிட்டு, வாசகர் சுட்டும் பிழைகளைத் திருத்தி அடுத்த பதிப்பைக் கொணரலாம். பன்னாட்டுத் தர நூல் எண்ணை இந்தியாவில் தனி ஆசிரியரும் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் பெயரில் ‘தரம்’ இருந்தாலும் அது அடையாள எண்ணே, தரச்சான்று அன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளிவந்த முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் நம் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் படிகளை அனுப்ப வேண்டும். நம் பேரப்பிள்ளைகள் நம்மைத் தேடும் இடம் அதுவே.

பதிப்பகம் நம்மை ஏற்றால் மகிழ்வோம். ஏற்காவிடில் வாய்மூடி இரோம். எவர் அச்சிட்டார் என்பதை வாசகன் நெடுநாள் நினைவில் வைப்பதில்லை. எத்துணை உண்மையாகச் செய்தார் என்பதையே காலம் நினைவில் வைக்கும். என் நூலின் இரண்டாம் பதிப்பு இவ்வாண்டு வருகின்றது. அதன் முதற்பக்கத்தில் அந்த மூதாட்டியின் பெயர் இருக்கும். மெய்ப்பைப் பார்த்துக் கொடுத்தவன் அவருடைய பேரன்.